ஒரு நெட்டை, இரண்டு குட்டை

நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் அதன் சக்கரங்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்க்கிறார். அலுவலகங்களில் இருக்குமே, கீழே குட்டிச் சக்கரங்கள் வைத்த சுழல் நாற்காலி, அதுதான். கால் கட்டைவிரலால் ஓர் உதை. காதைச் சாய்த்து ஒரு கவனிப்பு. அடுத்த சக்கரம். "இதுல காத்து கொஞ்சம் கம்மி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். ரப்பர்கூட இல்லாத கெட்டிப் பிளாஸ்டிக்கில் காற்று எப்படிக் குறையும் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். அது முடிவதற்குள் டீ ஆறிவிடும்.

இவர் என் மனைவியின் தம்பி. எனக்கு மாப்ள. மற்ற எல்லோருக்கும் 'ரிவர்ஸ்'. லாரி ஓட்டிய காலத்தில் எவ்வளவு குறுகலான சந்தாக இருந்தாலும் வண்டியைப் பின்பக்கமாகத்தான் நுழைப்பார். "உள்ள போறதுக்கு எவன் வேணா போவான் மாமா. வெளிய வர்றதுக்கு மூஞ்சியத் திருப்பி வெச்சுட்டுப் போறான் பாரு, அவன்தான் டிரைவர்" என்பார். வண்டி கைவிட்டுப் போன பிறகும் பழக்கம் போகவில்லை. வாசலில் செருப்பு விட்டால் அதன் மூக்கு தெருவைப் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலைக் குளிர்பெட்டிக்குள் வைத்தால் மூடி நம்மைப் பார்க்க வேண்டும். யார் வீட்டுக்காவது போய் சோபாவில் உட்காரும்போது, "டீங்... டீங்... டீங்..." என்று பின்னால் வரும் வண்டியின் எச்சரிக்கை மணியை வாயாலேயே அடித்துக்கொண்டு உட்காருவார். பழகாதவர்கள் பதறி எழுந்துவிடுவார்கள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. நான் லாரிகளுக்கு பாடி கட்டுகிறவன். வாய்ப்பாட்டை முழுசாக ஒப்பிப்பதற்குள் பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. அதற்கப்புறம் கற்றதெல்லாம் சுத்தியலிடம் கற்றதுதான். இன்றைக்கு நீங்கள் சாலையில் போகும்போது முன்னால் ஒரு லாரியின் பின்கதவைப் பார்த்து, "அடடா, என்ன வேலை!" என்று நினைத்தீர்களானால், அது பெரும்பாலும் என் பட்டறை வேலையாகத்தான் இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

மாப்ளைக்கு இடது முழங்கால் மடங்குவதை நிறுத்திக்கொண்டது. கிளட்ச் மிதிக்கிற கால். வைத்தியம் பார்த்தார்கள், நடக்க வந்தது, மடக்க வரவில்லை. கம்பெனி சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அப்புறம் கொஞ்ச காலம் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிகளின் கியர் சத்தத்துக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார். "ஐயோ, செகண்டுல எடுக்கிறான் பாவி! கியர் பாக்ஸ் அழுவுது, இவனுக்குக் கேக்கலையா?" என்று தெருவையே திட்டுவார். அவருடைய சம்சாரம் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். "அண்ணா, என் மிஷினு கொஞ்சம் வேகமா ஓடினாக்கூட 'டாப் கியர் போடு'ன்னு உயிர எடுக்கிறாரு" என்று என்னிடம் முறையிட்டார். எனக்கு அவர் தங்கச்சி முறை.

அவர்கள் மகள்தான் வழி கண்டுபிடித்தாள். தான் வேலைக்கு வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரை அப்பாவுக்கு அனுப்பி, மேசையில் மாட்டுகிற விளையாட்டு ஸ்டீயரிங் ஒன்றையும், தரையில் வைக்கிற இரண்டு பெடலையும் சேர்த்து அனுப்பினாள். லாரி ஓட்டும் விளையாட்டு. ஆக்ஸிலரேட்டர் உண்டு, பிரேக் உண்டு, கிளட்ச் கிடையாது. முதல் நாள் அதில் உட்கார்ந்தவர் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க மறுத்தார். "சரக்கு இறக்காம எப்படி எந்திரிக்கிறது?" என்றாராம்.

பிறகு பழைய கம்பெனியின் ஓய்வுபெற்ற டிரைவர்கள் எல்லோரையும் இதற்குள் இழுத்துவிட்டார். அவரவர் வீட்டில் அவரவர் உட்கார்ந்துகொண்டு, இணையம் வழியாக ஒரே சாலையில் வரிசையாக வண்டி ஓட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கிளம்புவது. ஸ்பீக்கரில் எல்லோருடைய பேச்சும் கேட்கும். ஒருத்தருக்கு இருமல், ஒருத்தர் வீட்டில் குக்கர் சத்தம், ஒருத்தர் நடுவழியில் "இருங்கடா, கரண்டு போயிடுச்சு" என்று காணாமல் போவார். நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

இதில் மாப்ளைக்கு ஒரே ஒரு குறை. கண்ணாடி.

லாரிக்கு இருபக்கமும் கண்ணாடி இருக்கிறதல்லவா, விளையாட்டிலும் அது உண்டு. ஆனால் முன்னால் சாலையையும் வரைந்து, கண்ணாடிக்குள் பின்பக்கத்தையும் வரைய அந்தப் பழைய பெட்டிக்குத் தெம்பு போதவில்லை. கண்ணாடியைப் போட்டால் படம் திக்கித் திக்கி நின்றுவிடும். அதனால் அதை அணைத்துவிட்டு ஓட்டினார். பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. நிஜச் சாலையில் இருந்தபோது கம்பெனியின் முன்வண்டி எப்போதும் இவருடையதுதான். "கண்ணாடி பாக்காதவன் முன்னால போகக் கூடாது" என்று மற்றவர்களுக்குச் சட்டம் போட்டவரும் இவரே. அந்தச் சட்டத்தை இப்போது இவர் மேலேயே திருப்பிப் போட்டார் ஒருவர். அவருக்குப் பட்டப்பெயர் 'பிரேக்'. மேடு ஏறும்போதும் பிரேக்கில் கால் வைத்திருக்கிறவர். "கண்ணாடி இல்லாதவன் வால்ல வா" என்று சொல்லிவிட்டு, தானே முன்வண்டியாகப் போய்க்கொண்டிருந்தார். வரிசை முழுவதும் அவருக்குப் பின்னால் ஆமைபோல் ஊர்ந்தது.

மாப்ள பொறுத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு ஞாயிறு வெடித்துவிட்டார். பிரேக் சமாதானத்துக்கு வந்தார்: "சரிடா. அடுத்த ஞாயிறு நாலு மணிக்குக் கண்ணாடியோட வந்து நில்லு. முன்வண்டி இனிமே நீதான். வரலைன்னா நான்தான் முன்வண்டி, அதுக்கப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது." எல்லோரும் சாட்சி. மாப்ள மகளுக்குப் போன் போட்டார். திரையில் படம் வரைவதற்கென்றே இருக்கிற புது கிராபிக்ஸ் கார்டு தபாலில் வந்து இறங்கியது.

அந்த ஞாயிறு மத்தியானம் எனக்கு அழைப்பு. "மாமா, டிரில் மிஷின எடுத்துக்கிட்டு வாங்க. சேசிஸ்ல இடிக்குது."

கம்ப்யூட்டருக்கு டிரில் எதற்கு என்று வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். எனக்கு அந்த வார்த்தை போதும். சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், இடிக்கிறது என்றால் அது என் வேலை.

போய்ப் பார்த்தேன். கார்டு என்று சொன்னார்களே தவிர, கையில் வாங்கினால் செங்கல். அதன் அடியில் மூன்று விசிறிகள். "ஒரு வண்டிக்கு மூணு ரேடியேட்டர் ஃபேன் மாமா! எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்று மாப்ள அதைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி எனக்குக் காட்டினார். பெட்டிக்குள் மதர்போர்டு என்று ஒரு பெரிய பச்சைப் பலகை நின்றுகொண்டிருக்கிறது. அதில் ஒரு நீளமான பள்ளம். கார்டின் பொன்நிறப் பற்கள் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். ஆனால் கார்டின் வால், பெட்டியின் முன்பக்கத்தில் இருந்த ஒரு தகரக் கூண்டில் முட்டிக்கொண்டு நின்றது.

பெட்டியை முழுக்கக் காலி செய்யச் சொன்னேன். இரும்புத்தூள் ஒன்றுகூட மின்சாரச் சாமானில் விழக் கூடாது, அதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூண்டின் ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தேன். கூண்டு கையோடு வந்துவிட்டது. விளிம்பை அரம் போட்டுத் தேய்த்தேன். தையற்காரத் தங்கச்சி விரலால் தடவிப் பார்த்து, "அண்ணா, என் ஓரம் மடிச்ச தையல்கூட இவ்வளவு வழவழப்பா இருக்காது" என்றார். "இந்த வீட்டுல தொழில் தெரிஞ்சவங்க நாம ரெண்டு பேருதாம்மா" என்றேன்.

"அப்ப நான்?" என்றார் மாப்ள.

"நீங்க லோடு ஏத்துங்க" என்றார் தங்கச்சி.

ஏற்றினார். போர்டை மறுபடி மாட்டி, கார்டைப் பள்ளத்தில் வைத்து அழுத்தி, பின்னால் திருகு போட்டோம். "டீசல் லைன் எங்க மாமா?" என்று தேடினார். கார்டுக்குத் தனியாக மின்சாரம் போக வேண்டும் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். மின்சாரப் பெட்டியின் கம்பிக் கற்றையில் சுருண்டு கிடந்த ஒரு முனை அளவு பொருந்தியது. அதையும் சொருகினோம்.

பிறகுதான் அவர் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கார்டைப் பார்த்தார். அதன் வால்பக்கம் எடை தாங்காமல் சற்றே தொங்கியது.

"லோடு ஆடுது" என்றார்.

சம்சாரத்தின் தையல் பெட்டியிலிருந்து இடுப்புநாடா கொஞ்சம் வாங்கிக்கொண்டார். கார்டின் வாலைச் சுற்றி ஒரு சுருக்கு, பெட்டியின் திறந்த பக்கத்து மேல்சட்டத்தில் ஒரு மடிப்பு, பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழுப்பு. டிரைவர்கள் தார்ப்பாய்க்கு மேல் கயிறு போடுவார்களே, அதே கட்டு. நாடாவைச் சுண்டிவிட்டார், வீணைத் தந்தி மாதிரி 'டொய்ங்' என்றது. "இப்ப எந்தப் பள்ளத்துல விழுந்தாலும் சரக்கு அசையாது." நானும் சுண்டிப் பார்த்தேன். கட்டு என்றால் அது கட்டு.

சுவிட்சைப் போட்டோம். மூன்று விசிறிகளும் சுழன்றன. மாப்ள கைதட்டினார். நான் அவர் முதுகைத் தட்டினேன். திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பீ...ப். பிப், பிப்.

மாப்ளையின் தலை சட்டென்று நிமிர்ந்தது. அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் அதே. பீ...ப். பிப், பிப்.

"ஒரு நெட்டை, ரெண்டு குட்டை!" என்று கத்தினார். "மாமா, இது ஹாரன்! நம்ம கம்பெனி ஹாரன்!"

விஷயம் என்னவென்றால், அவர்கள் கம்பெனி டிரைவர்களுக்குள் ஹாரனிலேயே ஒரு பாஷை இருந்தது. ஒரு குட்டை என்றால் 'பார்த்துட்டேன், வா'. இரண்டு நெட்டை என்றால் 'டீக்கடை வருது'. ஒரு நெட்டை, இரண்டு குட்டை என்றால், 'நீ கண்ணுக்குத் தெரியல, கிட்ட வா'. வண்டிக்குப் பக்கவாட்டில் கண்ணாடிக்கு எட்டாத ஓர் இடம் உண்டு; பின்வண்டி அங்கே மாட்டிக்கொண்டால் முன்வண்டிக்காரர் அப்படி அடிப்பார்.

"எவனையோ காணோம்னு தேடுது மாமா. கிட்ட வா, கிட்ட வான்னு கூப்பிடுது."

"மாப்ள, கம்ப்யூட்டரு உங்க கம்பெனியில எப்ப வேலை பாத்துச்சு?" என்றேன்.

"சத்தம் பொய் சொல்லாது மாமா."

தங்கச்சி மிஷினில் உட்கார்ந்தபடியே, "இவர் புத்தி கெட்டுப்போச்சு அண்ணா. நேத்து மிக்சி என்னமோ சொல்லுதுன்னாரு" என்றார்.

"மிக்சி சொன்னது நிஜம். மூடி சரியா மாட்டலன்னு சொல்லிச்சு. நீ கேக்கல. சுவரெல்லாம் சட்னி."

கம்ப்யூட்டர் கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டோம். ஞாயிறு கடை இல்லை. ஆனாலும் எடுத்தார். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம், குழந்தை ஒன்று துள்ளும் சத்தம். குளிப்பாட்டிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"மானிட்டர் வயரை எதுல சொருகியிருக்கீங்க? போர்டுலயா, புது கார்டுலயா?"

பார்த்தோம். பழைய பழக்கத்தில் போர்டின் துளையிலேயே சொருகியிருந்தது. மாற்றினோம். திரை கறுப்பு.

"ஏதாவது சத்தம் வருதா?"

மாப்ள போனை வாங்கி, ஒரு டிரைவர் இன்னொரு டிரைவருக்குச் சொல்வதுபோல வாயாலேயே அடித்துக் காட்டினார். "பீ...ப். பிப், பிப்."

"ஒண்ணு நீளம், ரெண்டு சின்னதா? அப்ப உங்க போர்டுக்கு கார்டு தெரியலைன்னு அர்த்தம்."

மாப்ள போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். முழங்கால் மடங்காத மனிதர் அந்தச் சிறிய அறையில் ஒற்றைக்காலில் ஒரு சுற்றுச் சுற்றினார். "கேட்டீங்களா! கேட்டீங்களா! கண்ணுக்குத் தெரியல! அதேதான்! உலகம் பூரா ஒரே ஹாரன்தான் மாமா!" திரை கறுப்பாக இருப்பதையே மறந்துவிட்டார். நானும் மறந்துவிட்டேன். கடைக்காரம்மா போனுக்குள்ளிருந்து, "சார்? சார், இருக்கீங்களா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தங்கச்சிதான் போனை எடுத்தார். கடைக்காரம்மா போர்டின் பெயரைக் கேட்டார். சொன்னோம். பெருமூச்சு விட்டார்.

"அது ரொம்பப் பழசு. கார்டு புத்தம் புதுசு. பொருத்தம் பாக்காம முடிச்சுட்டீங்க போல. சில பழைய போர்டுங்க புதுக் கார்டை ஏறெடுத்தும் பாக்காது. போர்டுக்குள்ள இருக்கிற புரோகிராமைப் புதுசாக்கிப் பாக்கணும், இல்ல போர்டையே மாத்தணும். நாளைக்குக் கடைக்குக் கொண்டு வாங்க."

"நாளைக்கா?" என்றார் மாப்ள.

"இன்னைக்கு என்ன அவசரம்?"

 போனை வைத்ததும் அது மறுபடி கத்தியது. பிரேக். ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னடா ரிவர்ஸு, கண்ணாடி மாட்டியாச்சா?"

"மாட்டிக்கிட்டே இருக்கேன்."

"கம்ப்யூட்டர்லயா, குளியலறையிலயா?" பின்னால் பல பேர் சிரிக்கும் சத்தம். "எல்லாரும் வந்தாச்சுடா. நாலு அடிச்சதும் நான் எடுத்துடுவேன். நீ நிதானமா வா, வால்ல இடம் இருக்கு."

போன் அணைந்தது. மாப்ள மேசை விளிம்பில் இருந்த ஸ்டீயரிங்கை ஒரு விரலால் இந்தப் பக்கம் தள்ளினார், அது தானாகத் திரும்பி வந்தது. அந்தப் பக்கம் தள்ளினார், திரும்பி வந்தது. எனக்குச் சங்கடமாக இருந்தது. கம்பெனி சாவியை வாங்கிக்கொண்ட அன்றைக்குக்கூட என் பட்டறைக்கு வந்து வாய் ஓயாமல் பேசினவர்.

"மாப்ள, கார்டைக் கழட்டிட்டு, பழையபடியே அவங்களோட போயிட்டு வா. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன்.

"இல்ல மாமா." பெட்டியைக் காட்டினார். "இவன் என்ன சொல்றான்னு யோசிங்க. பிடிக்காதவன்னா எதுக்கு ஹாரன் அடிக்கணும்? பேசாம போயிருப்பான்ல? அந்தம்மா சொல்ற மாதிரி ஏறெடுத்துப் பாக்காதவன் இல்ல இவன். தேடுறான். கிட்ட வா, கிட்ட வான்னு வாய்விட்டுக் கூப்பிடுறான்."

தங்கச்சி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, தலையைத் தூக்காமல் சொன்னார்:

"கூப்பிட்டா மட்டும் எப்படி வரும்? நீங்கதான் அதை இந்தப் பக்கமா இழுத்துக் கட்டி வெச்சிருக்கீங்களே."

சும்மா கிண்டலுக்குச் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த துணியை ஊசிக்கு அடியில் வைத்துவிட்டார். நானும் மாப்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து, பெட்டியின் விளிம்பில் மண்டையோடு மண்டை மோதிக்கொண்டோம்.

டார்ச்சை அடித்துப் பார்த்தோம். அந்த வீணைத் தந்திக் கட்டு கார்டின் வாலை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தது. தலைப்பக்கம் பள்ளத்தில், வால்பக்கம் பற்கள் பாதி வெளியே, பொன்நிறத்தில் நம்மைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தன. பள்ளத்தின் முனையில் இருந்த சின்னக் கொக்கி பிடிக்காமல் வாயைப் பிளந்து கிடந்தது. எத்தனை மலைப்பாதையில் எத்தனை சுமை ஏற்றினவர்! அவர் போட்ட கட்டு இறுகியதுதான் குற்றம்.

மின்சாரத்தை அணைத்தோம். மாப்ள நாடாவின் நுனியைப் பிடித்தார். டிரைவர் கட்டின் அழகே அதுதான்: போடுவதற்குத்தான் நேரமாகும், அவிழ்க்க ஓர் இழுப்பு போதும். இழுத்தார். நாடா துவண்டு விழுந்தது. கார்டின் வாலில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினார்.

டக்.

நான் எத்தனையோ கதவு மாட்டியிருக்கிறேன். பூட்டு சரியாக விழுகிற சத்தம் எனக்குத் தெரியும். அது அந்தச் சத்தம். வால் தொங்காமல் இருக்க, ஒரு காலியான நூற்கண்டை அடியில் நிறுத்தினேன். அளவெடுத்து வைத்ததுபோல நின்றது. என் கண் அளவு அப்படி.

சுவிட்ச். விசிறிகள் சுழன்றன. 

பிப்.

ஒரே ஒரு குட்டை.

"பார்த்துட்டேன், வா!" என்று மூன்று பேரும் சேர்ந்து கத்தினோம். தங்கச்சியின் குரல்தான் உரக்கக் கேட்டது. திரையில் வெளிச்சம் வந்தது. நான் தங்கச்சியிடம், "பாத்தியாம்மா?" என்றேன், நானே அந்த வெளிச்சத்தைத் தயாரித்ததுபோல.

ஆனால் படம் சரியில்லை. எழுத்துகள் எருமை அளவில் இருந்தன. ஓரமெல்லாம் மங்கல். மகள் அப்பாவுக்காகக் கம்ப்யூட்டரைத் தமிழில் மாற்றி வைத்திருந்தாள். நடுவில் ஒரு கட்டம் எழும்பி நின்றது. மாப்ள கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார்:

"டிரைவர்... இல்லை."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"என்னது?" என்றார். மறுபடி வாசித்தார். "இந்தச் சாதனத்துக்கு டிரைவர் இல்லை." திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "டேய்! முன்னால நிக்கிறேன், கண்ணு தெரியலையாடா உனக்கு? வாழ்நாள் பூரா ஓட்டினவன்டா நான்! லைசென்ஸ் காட்டட்டுமா?"

தங்கச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மிஷின் மேல் கவிழ்ந்துவிட்டார். தைத்துக்கொண்டிருந்த சட்டையின் கை எங்கேயோ போய்ச் சேர்ந்து தைக்கப்பட்டுவிட்டது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைக்காரம்மாவுக்கு மறுபடியும் போன். விஷயத்தைக் கேட்டு அவரும் சிரித்தார். குழந்தையும் எதற்கென்று தெரியாமல் சிரித்தது. இதுவரை படம் காட்டிய போர்டுக்கு ஒரு புரோகிராம், புதுக் கார்டுக்கு வேறொரு புரோகிராமாம். அதற்குப் பெயர்தான் டிரைவராம். இணையத்திலிருந்து அதுவாகவே இறக்கிக்கொள்ளுமாம். "அந்தக் கட்டத்துல 'தேடு'ன்னு இருக்கும் பாருங்க, அதை அழுத்துங்க."

அழுத்தினார். 'டிரைவரைத் தேடுகிறது' என்று வந்தது. கீழே ஒரு பச்சைக் கோடு நத்தை வேகத்தில் நகர்ந்தது.

"தேடட்டும், தேடட்டும்" என்று மாப்ள நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினார். காலரைச் சரிசெய்தார். தேடுகிறவர்களுக்குச் சட்டென்று அடையாளம் தெரிய வேண்டும் என்பதுபோல.

"இன்னும் கொஞ்சம் வேகமாத் தேடச் சொல்லுங்க அண்ணா, மணி ஆகுது" என்றார் தங்கச்சி. அவரும் மிஷினை விட்டு எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

கோடு முக்கால்வாசி போய் நின்றது. மாப்ள வாயாலேயே கியர் மாற்றினார். நகர்ந்தது. திரை ஒருமுறை இருண்டது.  பிறகு படம் கழுவித் துடைத்ததுபோல வந்தது. எழுத்தெல்லாம் ஊசிமுனை. நடுவில் ஒரு வரி: 'டிரைவர் தயார்.'

"இத முதல்லயே ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?" என்றார் மாப்ள.

விளையாட்டு திறந்தது. ஸ்பீக்கரில் கூச்சல். பிரேக் யாரிடமோ, "அவ்வளவுதான், நாலாகப் போகுது, நான் எடுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாப்ள சாலையைப் பார்க்கவில்லை. முதலில் அமைப்புக்குள் போய்க் கண்ணாடி என்று இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து அழுத்தினார். இடது கண்ணாடி விழித்தது. வலது கண்ணாடி விழித்தது. படம் திக்கவில்லை. வண்டியைக் கிளப்பினார். லாரி நிறுத்தத்தில் நின்ற வண்டிகளின் ஓரமாக, ஒரு வாசற்படி அளவு இடைவெளியில் உரசாமல் முன்னேறி, பிரேக்கின் வண்டிக்கு முன்னால் இருந்த காலி இடத்தில் பின்பக்கமாகவே நுழைத்து நிறுத்தினார்.

"டேய்... நீயா?" என்றது பிரேக்கின் குரல்.

"கண்ணாடியில உன் மூஞ்சி தெரியுதுடா. தலை சீவிக்கோ."

ஸ்பீக்கரில் ஒரே ஆர்ப்பாட்டம். பிரேக்கும் சிரித்துவிட்டார். "வெச்சுக்கடா உன் முன்வண்டிய. எனக்கும் கொஞ்சம் நிம்மதியா டீ குடிச்சுக்கிட்டு வரணும்" என்றார். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். நெட்டை, குட்டை என்று பிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒன்றாகக் கலந்து அறை அதிர்ந்தது. தங்கச்சி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மாப்ள கிளம்பவில்லை. வலது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உள்ளங்கை அளவுப் படத்தில் பிரேக்கின் சிவப்பு வண்டி, அதற்குப் பின்னால் ஒன்று, அதற்குப் பின்னால் ஒன்று, கடைசி வண்டி ஒரு புள்ளி. உதடுகள் அசைந்தன. ஒவ்வொருவர் பட்டப்பெயராகச் சொல்லிப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். "எடுடா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

அவர் வலது கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து, பார்க்காமலேயே பக்கவாட்டில் வெளியே நீட்டி, அங்கே நின்ற இரும்பு பீரோவின் கதவை, கிளம்பலாம் என்று லாரிக் கதவைத் தட்டுவதுபோல, படார் படார் என்று இரண்டு தட்டுத் தட்டினார்.